நாலு மாதப் பொடி

எங்கள் வீட்டில் பொடி என்றால் இட்லிக்குத் தொட்டுக்கொள்வது மட்டும் இல்லை. இன்னொரு பொடியும் உண்டு. அது தெலுங்கில் இருந்து வந்தது. பொடிகிம்பு என்பது முழுப் பெயர். ஒரு வேலைக்கோ திட்டத்துக்கோ கொடுத்த காலம் முடிந்துவிட்டால், இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும் என்று நீட்டிக் கொடுப்பார்களே, அதற்கு எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் பொடிகிம்பு என்றுதான் சொல்வார்கள். என் மகள் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் நான் அந்த வார்த்தையைக் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அவ்வளவு நீளம் பொறுக்கவில்லை. பாதியில் வெட்டிப் பொடி ஆக்கிவிட்டாள்.

"நைனா, பொடி வந்துச்சா?"

இதுதான் அந்த வருஷம் நான் செருப்பைக் கழற்றும்போதே என் காதில் விழுந்த கேள்வி. ஏன் அப்படிக் கேட்டாள், கடைசியில் பொடி வந்ததா என்பதைப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது நான் காலேஜ் பஸ் ஓட்டுகிறேன். அப்போது நான் ஓட்டியது நட்சத்திர வேன். டெல்லி சர்க்கார் பணத்தில் நடந்த திட்டம் அது. வேன் நிற்பது திருப்பதி ஆபீஸில். சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாவிலும் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். வேனுக்குள் ஒரு பெரிய கறுப்புத் துணிக் கூடாரம் மடித்து வைத்திருக்கும். பள்ளிக்கூடத்து ஹாலில் அதை விரித்து, காற்று ஊதுகிற மோட்டாரை மாட்டினால், பத்து நிமிஷத்தில் கவிழ்த்து வைத்த இட்லி மாதிரி உப்பி எழும்பும். கறுப்பு இட்லி. பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒரு மிஷினைப் போடுவோம். தலைக்கு மேலே முழு வானமும் நட்சத்திரத்தோடு வந்துவிடும். வெளியே பதினொரு மணி வெயில் கொளுத்தும், உள்ளே நடுராத்திரி. குடுபல்லியில் ஒரு பையன் உள்ளே இருட்டானதும் கொட்டாவி விட்டு நிஜமாகவே தூங்கிவிட்டான். வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோது, "விடிஞ்சிச்சா?" என்று கேட்டான்.

நட்சத்திரங்களைக் காட்டிப் பேசுவது என் வேலை இல்லை. அதற்கு ஒரு கைடு அம்மா இருந்தார். பிசிக்ஸில் பெரிய படிப்பு படித்தவர், திருப்பதிக்காரர், என்னை விட வயதில் சின்னவர், என்னை அன்னா என்பார், தெலுங்கில் அண்ணன். அழகான தெலுங்கில் பேசுவார். நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். மூன்று வருஷம் உட்கார்ந்ததில் அவர் பேச்சு எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனால் அந்த மூன்று வருஷத்தில் வேன் போகாத ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. என் மகள் படித்த பள்ளிக்கூடம். நகரி பக்கத்தில் எங்கள் ஊர் பிள்ளைகள் படிப்பது தமிழ் மீடியம். கைடு அம்மாவுக்கோ தமிழ் வராது. அதனால் ஒவ்வொரு முறை டூர் லிஸ்ட் போடும்போதும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, தமிழ் மீடியம், பிறகு பார்க்கலாம் என்று எழுதிவிடுவார்கள்.

"ஊர்ல கீற எல்லாப் பசங்களுக்கும் வானத்தைக் காட்டற. எனுக்கு மட்டும் எஞ்சின் ஆயில் வாசனையைக் காட்டற," என்றாள் மகள். என் சட்டையைப் பிடித்து மோந்துவிட்டு அவள் சொன்ன வார்த்தை அது.

அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பெட்டிஷன் எழுதினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேலே அதே வானம்தான் இருக்கிறது என்று எழுதினார். அந்த ஒரு வரி ஆபீஸில் எல்லோருக்கும் பிடித்துப்போய் எங்கள் பள்ளிக்கூடத்தை லிஸ்டில் சேர்த்துவிட்டார்கள், பாஷையை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று. ஏப்ரல் மாதம், பரீட்சை முடிந்த பிறகு, கோடை விடுமுறைக்கு முன்னால். நான் அன்றைக்கே வீட்டில் சொன்னேன். மகள் மறுநாளே வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டாள். வேன் வரும், எங்க நைனாதான் ஓட்டிக்கினு வருவாரு, நான் முதல் வரிசை, என் பக்கத்தில் யார் உட்காருவது என்று பார்த்துச் சொல்றேன் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். பக்கத்து இடத்துக்காக அவளுக்கு இரண்டு மாதம் தினமும் நெல்லிக்காய் கிடைத்தது.

பிரச்சினை தை மாதம் போல ஆரம்பித்தது. கைடு அம்மா ஒருநாள் வேனில் வரும்போது சொன்னார், நம் திட்டத்துக்குக் கொடுத்த காலம் மார்ச் முப்பத்தியொன்றோடு முடிகிறது என்று.

"அப்புறம்?" என்றேன்.

"தேர்தல் வருஷம் இல்லையா அன்னா. டெல்லியில் இப்போது முழு பட்ஜெட் போட மாட்டார்கள். ஓட்டான் அக்கவுண்ட்தான்."

இங்கிலீஷ் வோட் ஆன் அக்கவுண்டைத் தெலுங்குப் பேப்பரில் ஓட்டான் அக்கவுண்ட் என்று எழுதுவார்கள். தமிழ் டிவியில் இடைக்கால பட்ஜெட் என்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குப் போகிற இரண்டு பஸ். நான் அன்றைக்கு முழுக்க அந்த அம்மாவைக் கேள்வி கேட்டே அதைத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

உங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாறிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் வருவதற்குச் சில மாதம் ஆகும். மத்தியானச் சாப்பாட்டில் வருஷம் முழுக்க என்ன போடலாம், எத்தனை முட்டை, பாயசம் உண்டா என்று எழுதவேண்டியது புதியவர். ஆனால் அவர் வரும்வரை நீங்கள் பட்டினி கிடக்க முடியாது. அதனால் போகிறவர், சமைக்கிற அம்மாவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாலு மாதத்துக்கு இதே சோறு, இதே சாம்பார், இதே முட்டை. புதுசாக ஒன்றும் வேண்டாம். தேர்தல் வருஷத்தில் பார்லிமெண்டும் இதைத்தான் செய்கிறது. போகிற சபை கை தூக்கி, அடுத்த சபை வந்து முழுக் கணக்குப் போடும்வரை, நடக்கிற வேலை நடக்கட்டும் என்று சில மாதத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கிறது. ரயில் ஓடும், போஸ்ட்மேன் வருவார், சம்பளம் கிடைக்கும். பாயசம் மட்டும் இருக்காது.

மாசி மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பேப்பரைப் பார்த்தேன். பார்லிமெண்டில் பாஸ் ஆகிவிட்டது என்று போட்டிருந்தது. எனக்குக் கையில் இருந்த சோறு மறந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

"இந்தா பாரு, டெல்லியில ஓட்டான் அக்கவுண்ட் பாஸ் பண்ணிட்டாங்க. இனிமே பயம் இல்ல. நாலு மாசத்துக்கு வரும்," என்று என் மனைவியிடம் சொன்னேன்.

"வந்தா சரி. ரசம் ஊத்தட்டா?" என்றாள்.

நான் சொன்னது அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். அவள் மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அண்ணிக்காரியிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது ஓட்டான் அக்கவுண்ட் என்பது ஓட்டு அக்கவுண்ட் ஆகிவிட்டது. அண்ணிக்காரி அதைத் தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அடுத்த வீட்டுக்குக் கத்திச் சொல்லியிருக்கிறாள். பவர்லூம் ஓடும்போது பேச்சில் பாதிதான் காதுக்குப் போய்ச் சேரும். தெருக்கோடிக்குப் போனபோது செய்தி இப்படி ஆகியிருந்தது: ஓட்டு இருக்கிறவங்க அக்கவுண்டில் நாலு மாசத்துக்குப் பணம் போடுகிறார்கள், டெல்லியில் முடிவாகிவிட்டது, கவர்மெண்டு வேன் ஓட்டுகிறவர் சொன்னார்.

பத்து மணிக்கு பேங்க் திறந்தபோது எங்கள் தெருவே அங்கே இருந்தது. கையில் பாஸ்புக், மறு கையில் ஓட்டர் கார்டு. அன்றைக்கு நான் லீவு. மனைவியின் தம்பி ஓடி வந்து என்னை எழுப்பினான். அவனுக்கு நாலு தறி. நாலையும் நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"மாமா, எழுந்துரு மாமா. பேங்க்காரரு உன்ன கேக்கறாரு."

"என்ன எதுக்குடா?"

"ஓட்டு அக்கவுண்டுல எவ்ளோன்னு யாருக்கும் தெரியல மாமா. உனுக்குத்தான் தெரியுமாம்."

பேங்க் கவுண்டரில் இருந்தவர் தெலுங்குக்காரர், பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் பதினோரு மணி வரைதான் டைம். "எவரு செப்பாரு மீக்கு?" என்று அவர் கேட்க, யார் சொன்னது உங்களுக்கு என்ற அந்தக் கேள்விக்கு முப்பது கைகள் சேர்ந்து வாசலைக் காட்டின. வாசலில் லுங்கியோடு நான்.

அங்கேயே நின்று ஹெட்மாஸ்டர், சமைக்கிற அம்மா, சோறு, சாம்பார் எல்லாம் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒரு அத்தை, "அப்ப முட்டை எப்ப தருவாங்க?" என்றார்.

சிரிப்புதான். எனக்கும் இப்போது சிரிப்புதான். ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து பையைத் தூக்கிப் போட்ட சத்தத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வகுப்பில் ஒரு பையன், அவன் அம்மாவும் பாஸ்புக்கோடு போனவர்தான், எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறான்: "இவுங்க நைனா சொன்ன ஓட்டுக் காசும் வர்ல, வேனும் வராது. எல்லாம் புருடா."

"நெல்லிக்காய் குடுத்தவ திருப்பிக் கேக்கறா நைனா," என்றாள் மகள்.

"துன்னத எப்படித் திருப்பிக் குடுப்ப?"

"அதத்தான் நானும் கேட்டேன்." போட்ட பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அப்புறம், "வேன் வரும் இல்ல?" என்றாள்.

வரும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. ஏனென்றால் மறுநாள் ஆபீஸில் போய் விசாரித்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. பார்லிமெண்ட் கொடுத்தது மொத்தமாக ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் எங்கள் சட்டியும் உண்டா என்று தனியாக ஒரு காகிதம் வர வேண்டும். திட்டத்தின் காலம் மார்ச்சோடு முடிவதால், அதை நீட்டி ஓர் உத்தரவு. அதுதான் பொடிகிம்பு. அது டெல்லியில் புறப்பட்டு, நடுவில் எத்தனையோ மேஜையில் இறங்கி ஏறி, திருப்பதிக்கு வர வேண்டும்.

மார்ச் முப்பத்தியொன்றாம் தேதி வேன் சாவியை ஆபீஸில் ஒப்படைத்தேன். சூப்பரிண்டெண்ட் மேடம் அதை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். சுறுசுறுப்பானவர், முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு தமாஷ் பேசுவார். ஏப்ரல் ஒன்றில் இருந்து நான் தினமும் காலை ரயிலில் திருப்பதி போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"மேடம், பொடிகிம்பு ஒச்சிந்தா?"

"ராலேது." வரவில்லை.

நாலாம் நாள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், நீ தினமும் வந்து கேட்டால் அது வந்துவிடுமா என்று. கேட்காமல் இருந்தாலும் வரவில்லையே மேடம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அட்டெண்டரைக் கூப்பிட்டு இவருக்கும் ஒரு டீ என்றார்.

வீட்டிலோ பொடி வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனன் வாசலில் நின்று, "மாமா, வர்றது இட்லிப் பொடியா, மூக்குப் பொடியா?" என்பான். மனைவி, "எந்தப் பொடியா இருந்தா இன்னா, அரைக்கறவன் டெல்லில கீறான்," என்பாள். மகள் மட்டும் சிரிக்க மாட்டாள். சுவரில் மாட்டின காலண்டரில் பள்ளிக்கூடம் மூடுகிற நாளைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். எனக்கு அந்த வட்டம் டிராஃபிக் சிக்னல் மாதிரி தெரிந்தது. நான் எவ்வளவு ஓட்டினாலும் அது சிவப்பாகவே இருந்தது.

அவளுக்குப் பரீட்சை ஆரம்பித்து, நடந்து, முடிகிற வாரமும் வந்தது. விடுமுறைக்கு நாலு நாள் இருக்கும்போது மேடமே போன் செய்தார். ஒச்சிந்தி, வந்துவிட்டது, வா என்றார். நான் புறப்படும்போது மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேங்க் சம்பவத்துக்குப் பிறகு காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

காகிதம் ஒரு பக்கம்தான். மேடம் படித்துக் காட்டினார். நாலு மாதத்துக்கு நீட்டிப்பு. வண்டி உண்டு. டீசல் உண்டு. டிரைவர் உண்டு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மேடம் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"கைடு?" என்றேன்.

கைடு பேர் அதில் இல்லை. அந்த வேலைக்குத் தனி உத்தரவு வருமாம், எப்போது என்று தெரியாதாம். அந்த அம்மா அதற்குள் திருப்பதியிலேயே ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்துவிட்டிருந்தார். நான் போன் போட்டபோது பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"மீரே செப்பண்டி அன்னா. மீக்கு அந்தா தெலுசு," என்றார். நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம்.

"எனக்குத் தெலுங்கில்தானே அம்மா தெரியும்."

"அதைத் தமிழில் சொல்லுங்கள். வானத்துக்கு மீடியம் கிடையாது," என்றார். ஹெட்மாஸ்டர் பெட்டிஷன் அவருக்கும் பிடித்திருந்தது போல.

மேடம் சாவியைக் கொடுத்தார். பங்காருபாளையத்திலும் சித்தூரிலும் பாக்கி இருந்த இரண்டு பள்ளிக்கூடம் முதலில், அது தெலுங்கு, சுலபம். மூன்றாவது நாள் எங்கள் பள்ளிக்கூடம். அதற்கு அடுத்த நாளில் இருந்து விடுமுறை. பங்காருபாளையத்தில் என் முதல் பேச்சு. கைடு அம்மாவின் பேச்சை அப்படியே, அவர் சிரிக்கிற இடத்தில் சிரித்து, இருமுகிற இடத்தில் இருமி, ஒப்பித்துவிட்டேன். ஒரு டீச்சர் வந்து கைகொடுத்தார். ஆனால் தமிழில் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது நாள் காலை சித்தூரில் இருந்து கிளம்பினேன். வெயில் காலம் என்பதால் எங்கள் பக்கம் அரைநாள் பள்ளிக்கூடம். பன்னிரண்டரைக்கு மணி அடித்து, சோறு போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் தாராளமாக இருக்கும். சித்தூரில் இருந்து நகரிக்குப் பள்ளிப்பட்டு வழியாகப் போனால் நடுவில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு. எங்களுக்கு அது வேறு மாநிலம் மாதிரியே தெரியாது, பக்கத்துத் தெரு. ஆனால் தேர்தல் நேரத்தில் தெரியும். ரோட்டில் தடுப்பு வைத்து ஒரு பறக்கும் படை நின்றது. அதிகாரி வேனைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் பெரிதாக வரைந்திருந்த படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது இன்னா படம்?"

"சூரியன் சார்."

"சூரியன்னு தெரியுது. எலெக்சன் டைம்ல இவ்ளோ பெருசா சூரியனைப் போட்டுக்கினு ஊர் ஊரா போறியே, இன்னாத்துக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்நாட்டில் சூரியன் என்பது வானத்தில் மட்டும் இருக்கிற பொருள் இல்லை. ஓட்டுச் சீட்டிலும் இருக்கிறது.

"சார், இது ஆந்திரா வண்டி சார். இது நெஜ சூரியன் சார். அத நடுவுல வச்சாத்தான் சார் மத்த கிரகமெல்லாம் சுத்தும்."

"சுத்தட்டும். நீ மூடிட்டுச் சுத்து."

உத்தரவைக் காட்டினேன். அது தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருந்தது. அவர் மரியாதையாக வாங்கிப் பார்த்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கடையில் செல்லோ டேப் வாங்கி, வண்டியில் இருந்த பேப்பரை விரித்து ஒட்டப் போனேன்.

"இரு இரு. அதுல தலைவருங்க போட்டோ கீது. வேற பக்கம் போடு."

திருப்பினேன். அந்தப் பக்கத்தில் வேறு தலைவர். அடுத்த தாளிலும் யாரோ ஒருவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார். தேர்தல் நேரத்தில் தலைவர் படம் இல்லாத பேப்பர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் மணமகன் மணமகள் தேவை பக்கம் இரண்டு தாள் கிடைத்தது. அதை வைத்துச் சூரியனை மூடினேன். அதிகாரி தூர நின்று பார்த்துத் தலையை ஆட்டினார். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் வேன் நுழைந்தபோது பத்தேமுக்கால். பிள்ளைகள் காலையில் இருந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். என் மகள் மட்டும் கேட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ஹாரன் அடித்தேன். அவள் திரும்பியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், படித்தால் கோபித்துக்கொள்வாள்.

புருடா என்று சொன்ன பையன் வேனைச் சுற்றி வந்தான். பூமி, செவ்வாய், வளையம் போட்ட சனி எல்லாம் இருந்தது. நடுவில் பேப்பர்.

"சூரியன் எங்க?" என்றான், இன்னும் விடாமல்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் மகள் சொன்னாள், "கிரகணம். தெரியாதா?"

கூடாரம் உப்பி எழுந்தது. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் தவழ்ந்து உள்ளே போனார்கள். முதல் வரிசையில் மகள், பக்கத்தில் நெல்லிக்காய்ப் பெண். மிஷினைப் போட்டேன். ஆ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், எந்த ஊரிலும் எந்த பாஷையிலும் அது ஒரே மாதிரிதான் வரும். அது அடங்கியதும் நான் பேச வேண்டும். மனசுக்குள் கைடு அம்மா தெலுங்கில் ஓடிக்கொண்டே இருக்கிறார், நான் பின்னாலேயே ஓடி ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழுக்கு மாற்ற வேண்டும்.

"தோ, இந்த வெள்ளையா புகை மாதிரி போகுது பாருங்க, இது வந்து, இது பாலபுந்த," என்றேன். தெலுங்கு வார்த்தை அப்படியே வந்துவிட்டது. தமிழ் வார்த்தை எனக்குத் தெரியாது.

இருட்டில் மகள் குரல் கேட்டது. "பால்வீதி நைனா. புக்குல கீது."

"ஆமா, பால்வீதி. புக்குல கீது," என்றேன். அந்த இடத்தில் இருந்து எனக்குப் பயம் போய்விட்டது. தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்துவேன், யாராவது ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்கும். அப்படியே போனோம். வடக்குப் பக்கம் ஏழு நட்சத்திரம் கரண்டி மாதிரி இருப்பதைக் காட்டி, "இதுதான் சப்தரிஷி மண்டலம்," என்றேன்.

பின் வரிசையில் இருந்து அந்தப் பையன் கேட்டான், "அது எந்த ஜில்லா?"

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆந்திராவில் தாலுகா மாதிரி ஒன்றுக்கு மண்டலம் என்று பெயர். நகரி மண்டலம், புத்தூர் மண்டலம் என்போம். ஜில்லாவைப் பிரித்த பிறகு நகரி சித்தூரில் நின்றுவிட்டது, புத்தூர் திருப்பதிக்குப் போய்விட்டது. எந்த மண்டலம் எந்த ஜில்லா என்று பெரியவர்களே குழம்பிக்கொண்டிருந்த நேரம். அவன் கேட்டது கிண்டல் இல்லை, நிஜமான கேள்வி.

"அது இன்னும் பிரிக்கல கண்ணு," என்றேன். கூடாரமே குலுங்கியது. அவனும் சிரித்தான்.

அப்போது வெளியே மணி அடித்தது. பன்னிரண்டரை. கூடாரத்து வாசல் துணியைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் தலையை நீட்டினார். வெளிச்சம் உள்ளே வந்து பாதி வானம் அழிந்துபோயிற்று.

"முடிஞ்சுதா? சோறு ரெடி. சமைக்கிற அம்மா சத்தம் போடறாங்க."

யாரும் எழவில்லை. முதல் வரிசையில் இருந்து சின்னக் குரலில், "நைனா, பொடி குடு," என்று வந்தது. நெல்லிக்காய்ப் பெண்ணுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது போல, அவளும் சேர்ந்துகொண்டாள். ஒரு நிமிஷத்தில் மொத்தக் கூடாரமும் பொடி, பொடி என்று கேட்டுக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்கு எதைக் கேட்கிறோம் என்றே தெரியாது.

"எந்தப் பொடி?" என்றார் ஹெட்மாஸ்டர், தலை மட்டும் உள்ளே இருக்க.

"பொடிகிம்பு கேக்கறாங்க சார். அஞ்சு நிமிஷம்."

"யாரு சாங்ஷன் பண்றது?"

"நீங்கதான் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பேங்க் வாசலில் நான் கொடுத்த விளக்கத்தை ஊரில் எல்லோரும் போல அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"நாலு நிமிஷம்," என்றார். "காட்டினதையே காட்டு. புதுசா ஒண்ணும் கூடாது." துணியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுபடி இருட்டானது. முதலில் இருந்து அதே வானத்தைச் சுற்ற விட்டேன். இந்த முறை நான் பேசவே தேவைப்படவில்லை. பால்வீதி வந்ததும் முதல் வரிசை சொன்னது. ஏழு நட்சத்திரம் வந்ததும் பின் வரிசையில் அந்தப் பையன் பக்கத்தில் இருந்தவனுக்குக் கையை நீட்டிக் காட்டினான்.

"சப்தரிஷி மண்டலம். நகரிக்கு வடக்கால கீது. இன்னும் பிரிக்கல."